பழைய லான் கார்ட் மூண்டையும் ஒரே லினக்ஸ் பெட்டிக்குள்ள போடுறது

எங்கட பக்கம் எந்த வீட்டு அலுமாரியத் திறந்தாலும் பழைய லான் கார்ட் ஒண்டாவது கிடக்கும், அதுக்குக் காரணம் மின்னல். ஐப்பசி பிறந்து பின்னேரத்துல வானம் கறுத்து இடிக்கத் தொடங்கினா டெலிபோன் வயர் வழியா வந்து முதல்ல ரவுட்டர், மறுகா அங்க இருந்து கேபிள் வழியா கொம்பியூட்டர்ட மதர்போர்ட்ல இருக்கிற லான் போர்ட் எண்டு வரிசையா எரிச்சிட்டுப் போகும். மற்றதெல்லாம் நல்லா வேலை செய்யும், லான் மட்டும் செத்திருக்கும். டெலிபோன் வயரால இன்டர்நெட் வந்த ஏடிஎஸ்எல் காலத்துல அதுக்கு இருந்த வைத்தியம் ஒண்டுதான், மதர்போர்ட்ல கார்ட் குத்துற பிசிஐ எண்ட ஸ்லொட்ல ஒரு மலிவான ரியல்டெக் கார்ட்டக் குத்துறது. இப்ப ஃபைபர் வந்துட்டு, ஆக்கள் லப்டொப்புக்கு மாறிட்டாங்க, கார்ட்டுகள் மட்டும் பிஸ்கட் டின்னுக்குள்ள மிஞ்சிக் கிடக்கு.

மட்டக்களப்புப் பக்கம் பெரியகல்லாற்றுல மச்சான் ஒருத்தன் கொம்பியூட்டர் கிளாஸ் நடத்துறான், கடலுக்கும் வாவிக்கும் இடையில அந்த ஒடுங்கின நிலத்துல, கல்முனை றோட்டுக்குக் கொஞ்சம் உள்ளுக்கு. அவனுக்குத் தேவை என்னெண்டா ஃபைபர் ஒண்டு, அது விழுந்தா 4ஜி ரவுட்டர் ஒண்டு, உள்ளுக்கு பிள்ளைகள்ட மெஷினுகளுக்கு ஒரு சுவிட்ச், இது மூண்டையும் நடுவுல இருந்து பார்க்கிற ஒரு பெட்டி. ரெண்டு லைன் எடுக்கிற ரவுட்டர் கடையில விக்கிறாங்கதான், ஆனா அவன்ட மேசைக்குக் கீழ ஒரு பழைய கோர் 2 டுவோ கொம்பியூட்டர் சும்மா தூசி பிடிச்சிக் கிடந்தது, மூண்டு பிசிஐ ஸ்லொட்டோட, மதர்போர்ட் லான் எரிஞ்சி போய். டின்னுக்குள்ள ரெண்டு ரியல்டெக் 8139, ஒரு இன்டெல் புரோ 100, ஒரு 3கொம் 905 இருந்தது. 3கொம்ம ஸ்பெயார் எண்டு ஒதுக்கி வெச்சிட்டு மற்ற மூண்டையும் எடுத்தன். நான் இத எழுதுறது அந்த மூண்டும் ஒரே பெட்டிக்குள்ள குழப்பமில்லாம இருக்கிறது எப்பிடி எண்டு சொல்லத்தான். கொமாண்ட் பேரெல்லாம் தமிழ்லயே எழுதுறன், அடிக்கக்குள்ள இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.

முதல்ல ஒண்டு சொல்லணும், லினக்ஸ்ல பழைய கார்ட் எண்டா ட்ரைவர் தேடி அலையணும் எண்டு இப்பவும் பயப்பிடுற ஆக்கள் இருக்காங்க, அது தேவையில்லாத பயம். ரியல்டெக்குக்கு 8139டூ, இன்டெல்லுக்கு ஈ100, 3கொம்முக்கு 3சி59எக்ஸ், விஐஏ கார்ட் எண்டா விஐஏ-ரைன், டெக் சிப் உள்ளதுக்கு டியூலிப், எல்லாமே டெபியன் (நான் போட்ட லினக்ஸ் வகை) கேர்னலோடயே, அதாவது அதுட மையப் புரோகிராமோடயே வருது. கார்ட்டக் குத்தி பவர் போட்டா அது தானா ஏறும். எல்எஸ்பிசிஐ கொமாண்டுக்குப் பின்னால ஹைஃபன் என்என்கே போட்டுப் பார்த்தா எந்த ஸ்லொட்ல எந்தச் சிப், எந்த ட்ரைவர் அதப் பிடிச்சிருக்கு எண்டு எல்லாம் காட்டும், ரியல்டெக்குக்கு 10இசி:8139 எண்டும் இன்டெல்லுக்கு பெரும்பாலும் 8086:1229 எண்டும் வரும்.

8139 போட்ட ஆக்கள் டிமெசேஜ் எண்ட கேர்னல் மெசேஜ் லிஸ்டப் பார்த்திட்டு பயப்பிடுற ஒரு வரி இருக்கு, 8139சிபி எண்ட ட்ரைவர் வந்து "இது சி பிளஸ் சிப் இல்ல, 8139டூவப் பாவி" எண்ட மாதிரி ஒரு மெசேஜ் விட்டிட்டுப் போகும். அது எரர் இல்ல. ஒரே ஐடியில ரெண்டு வகை சிப் வந்ததால ரெண்டு ட்ரைவரும் எட்டிப் பார்க்குது, ஒண்டு "என்ட ஆள் இல்ல" எண்டு விலகுது, மற்றது எடுத்துக்குது, அவ்வளவுதான். அந்த வரிய கூகிள்ல போட்டுத் தேடி, அந்த ட்ரைவர ஏறவிடாத ப்ளாக்லிஸ்ட் ஃபைல் எல்லாம் எழுதிட்டு இருக்கத் தேவையில்ல.

முந்தி இப்பிடி லேசா இருக்கல்ல, அதையும் சொல்லணும். பிசிஐக்கு முந்தின ஐஎஸ்ஏ கார்ட் காலத்துல என்ஈ2000 எண்ட கார்ட்டுட குளோன் ரெண்டப் போட்டா கேர்னல் ஒண்டக் கண்டுபிடிச்சதோட தேடுறத நிப்பாட்டிடும், ரெண்டாவதுக்கு லைலோ எண்ட பூட் புரோகிராம்ட வரியில ஈதர்= எண்டு ஐஆர்க்யூ நம்பரும் (கார்ட் சிபியூவக் கூப்பிடுற நம்பர்) ஐஓ அட்ரஸும் (சிபியூ கார்ட்டோட பேசுற இடம்) எழுதிக் குடுக்கணும், ஒண்டுக்கு 0எக்ஸ்300, மற்றதுக்கு 0எக்ஸ்340 எண்ட மாதிரி. அந்த நம்பர் கார்ட்டுல எப்பிடி வரும் எண்டா சின்ன ஜம்பரப் பிடுங்கி மாத்திக் குத்தணும், இல்லாட்டி டொஸ்ல பூட் பண்ணி கார்ட்டோட வந்த ஃப்ளொப்பி புரோகிராம ஓட்டணும். ரெண்டு கார்ட்டும் ஒரே அட்ரஸ்ல நிண்டா மெஷின் அப்பிடியே உறைஞ்சி நிக்கும். அந்தக் காலத்து ஈதர்நெட் ட்ரைவருகள்ல கனக்க எழுதினவர் டொனால்ட் பெக்கர், நாசாவுல வேலை செஞ்சவர், 1994ல சாதாரண பிசிகளச் சேர்த்து பேவுல்ஃப் கிளஸ்டர் கட்டின ஆக்கள்ல ஒருத்தர். மலிவு நெட்வேர்க் கார்ட்டுகள் லினக்ஸ்ல ஓடணும் எண்ட தேவை அவருக்கு அங்கயே இருந்தது. இப்ப பிசிஐ வந்து அட்ரஸ், ஐஆர்க்யூ எல்லாத்தையும் தானே பிரிச்சிக் குடுக்குது, ஜம்பர் கதை முடிஞ்சிட்டு.

ஆனா மற்றப் பிரச்சினை ஒண்டு போகல்ல, அதுதான் லினக்ஸ் கார்ட்டுக்குக் குடுக்கிற பேர். ஈத்0 எது, ஈத்1 எது?

கேர்னல் தான் கண்ட ஒழுங்குல 0, 1, 2 எண்டு நம்பர் குடுக்குது. ரெண்டு ரியல்டெக்கும் ஒரே ட்ரைவர் எண்டதால அதுக ரெண்டும் பிசிஐ ஒழுங்குலதான் வரும், ஆனா இன்டெல்லுக்கு வேற ட்ரைவர், ரெண்டு ட்ரைவரும் பூட் ஆகக்குள்ள ஒரே நேரத்துல ஏறுது, ஒரு நாள் இன்டெல் முந்தும், மற்ற நாள் ரியல்டெக் முந்தும். ரவுட்டர் பெட்டியில இது நடந்தா பிள்ளைகள்ட சுவிட்ச் பக்கம் போக வேண்டிய டிஎச்சிபி (மெஷினுகளுக்கு ஐபி நம்பர் குடுக்கிற வேலை) ஃபைபர் பக்கம் போய் நிக்கும். இதுக்கு முதல்ல யூடெவ் எண்ட, டிவைஸுகளக் கவனிக்கிற புரோகிராம்ல மேக் அட்ரஸ (கம்பனி கார்ட்டுல பதிச்சு விடுற நம்பர்) எழுதி வெக்கிற ரூல்ஸ் ஃபைல் வந்தது, மறுகா 2013ல சிஸ்டம்டி எண்ட, லினக்ஸ எழுப்பி நடத்துற புரோகிராம்ட 197ஆவது வெளியீட்டோட, கார்ட் இருக்கிற இடத்த வெச்சிப் பேர் குடுக்கிற முறை வந்தது, டெபியன் அத 9ஆவது வெளியீட்டுல, 2017ல எடுத்துக்கிட்டுது. இஎன்பி5எஸ்1 எண்டா அஞ்சாம் நம்பர் பஸ், ஒண்டாம் ஸ்லொட். பார்க்க அசிங்கமாத்தான் இருக்கு, அதனால இன்டர்நெட்ல எங்க பார்த்தாலும் பூட் வரியில நெட்.இஃப்நேம்ஸ்=0 போடு, பழைய ஈத்0 திரும்பி வரும் எண்டு சொல்லிக் குடுக்கிறாங்க. ஒரு கார்ட் மட்டும் உள்ள மெஷினுக்கு அது சரி. மூண்டு கார்ட் உள்ளதுக்கு அதச் செய்யாதீங்க, மேல சொன்ன குழப்பத்த நீங்களே கூப்பிட்டு உள்ளுக்கு விடுற மாதிரி ஆகிடும்.

நான் செஞ்சது, மூண்டு கார்ட்டுக்கும் நானே பேர் வெச்சன், வெளி, மாத்து, உள் எண்டு, ஃபைபர் வெளி, 4ஜி மாத்து, பிள்ளைகள் உள், இங்கிலீஷ் எழுத்துல சின்னதா. ஈடிசி சிஸ்டம்டி நெட்வேர்க் ஃபோல்டருக்குள்ள ஒவ்வொரு கார்ட்டுக்கும் லிங்க் எண்டு முடியிற ஒரு ஃபைல், பேர் 10ல தொடங்கணும், ஏனெண்டா 99 எண்டு ஒரு டிஃபோல்ட் ஃபைல் ஏற்கெனவே இருக்கு, முதல்ல பொருந்துற ஃபைல்தான் எடுபடும். உள்ளுக்கு ரெண்டு பகுதி, மெட்ச் பகுதியில கார்ட்ட எப்பிடி அடையாளம் பிடிக்கிறது எண்டு, லிங்க் பகுதியில நேம்= எண்டு பேர். பேர் வெக்கக்குள்ள ஈத்0 எண்டே திரும்ப வெக்காதீங்க, கேர்னல் குடுக்கிற பேரோட அடிபடும். எழுதி முடிச்சிட்டு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஹைஃபன் யு ஓட்டணும், பூட்டுக்கு முதல்ல வாற அந்தக் குட்டி இமேஜுக்குள்ளயும் இந்த ஃபைல் போகணும், இல்லாட்டி பழைய பேரே வந்து நிக்கும். மறுகா ரீபூட்.

அந்த மெட்ச் பகுதிதான் இதுல முக்கியமான இடம், கொஞ்சம் நிண்டு பாருங்க. எல்லா வழிகாட்டியிலயும் மேக் அட்ரஸ எழுதச் சொல்லித்தான் இருக்கும். மேக் எழுதினா பேர் கார்ட்டோட போகும், கார்ட்ட எந்த ஸ்லொட்டுக்கு மாத்தினாலும் அதே பேர். குளிர் ரூமுக்குள்ள இருக்கிற சேர்வருக்கு அது நல்லது. எங்கட ஊருக்கு அது சரிவராது எண்டுறதுதான் என்ட எண்ணம், ஏனெண்டா இஞ்ச கார்ட் இடம் மாறுறது குறைவு, எரியிறதுதான் கூட. மாரி காலத்துல ஒரு இரவு ஃபைபர் பக்கக் கார்ட் செத்தா அடுத்த நாள் காலையில மச்சான் டின்னுல இருந்து 3கொம்ம எடுத்து அதே ஸ்லொட்ல குத்துவான், அதோட எல்லாம் ஓடணும், புது மேக்க ஃபைல்ல எழுத என்னக் கூப்பிட்டுட்டு இருக்கக் கூடாது. அதனால மேக் இல்ல, பாத்= எண்டு ஸ்லொட்ட எழுதினன், பிசிஐ-0000:05:01.0 எண்ட மாதிரி. அந்த எழுத்த யூடெவ்ஏடிஎம் இன்ஃபோ கொமாண்ட் குடுக்கும், ஐடி_பாத் எண்டு ஒரு வரி வரும், அத அப்பிடியே எடுத்துப் போடலாம். இப்ப ஃபைபருக்கு எழுதின நடு ஸ்லொட்ல எந்தக் கம்பனிக் கார்ட்டக் குத்தினாலும் அது "வெளி"தான். மலிவுக் குளோன் கார்ட்டுகள்ல ரெண்டுக்கு ஒரே மேக் வந்த கதையும் இருக்கு, அதுக்கும் இந்த முறையில பயமில்ல, ஆனா ரெண்டும் ஒரே சுவிட்ச்சுக்குப் போறதெண்டா ஒண்டுட மேக்க ஐபி லிங்க் கொமாண்டால மாத்தித்தான் ஆகணும்.

சரி, மூண்டு ஓட்டை பின்னால தெரியுது, எது எந்த ஸ்லொட்? ஈத்டூல் ஹைஃபன் பி எண்டு ஒரு வசதி இருக்கு, கார்ட்டுட லைட்ட மின்ன வெச்சிக் காட்டும், இன்டெல்லுக்கு அது அழகா வேலை செய்யும், ரியல்டெக் 8139க்கு அந்த வசதி இல்ல எண்டு கையை விரிச்சிடும். அதுக்கு கேபிள ஒவ்வொண்டாக் குத்தி ஈத்டூல்ல லிங்க் டிடெக்டட் யெஸ்ஸா நோவா எண்டு பார்க்கிறதுதான் வழி. ஆனா முதல்ல ஐபி லிங்க் செட் போட்டு கார்ட்ட அப் பண்ணணும், டவுன்ல இருக்கக்குள்ள கேபிள் குத்தினாலும் நோ எண்டுதான் சொல்லும், இதுல கார்ட் செத்திட்டு எண்டு நினைச்சி குப்பையில போட்ட ஆக்கள் கனபேர். அடையாளம் பிடிச்சதும் கிளாஸ்ல உதவிக்கு நிக்கிற தம்பிக்கிட்ட மார்க்கர் கேட்டன், பின் தகட்டுல எழுத. "அண்ணா, எழுதினா அழியும், நெயில் பொலிஷ் கொண்டு வரட்டா" எண்டான், அவன்ட தங்கச்சிட சிவப்பு, ஊதா, பச்சை மூண்டு போத்தல் வந்தது. இப்ப சிவப்புப் பொட்டு ஃபைபர், ஊதா 4ஜி, பச்சை உள். கேபிள் முனையிலயும் அதே நிறப் பொட்டு, கரண்ட் இல்லாத நேரம் டோர்ச் அடிச்சிப் பார்த்தாலும் தெரியும்.

இஞ்ச கடல் காத்துக்கு எந்த இரும்பும் நிண்டு பிடிக்காது, கார்ட்டும் அப்பிடித்தான். டின்னுக்குள்ள கிடந்த ஒரு ரியல்டெக்குட தங்கநிறக் காலெல்லாம் கறுத்துப் போய் ஓரத்துல பச்சை பூத்திருந்தது, குத்தினா எல்எஸ்பிசிஐல ஆளையே காணல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகள்ட வெள்ளை அழிறப்பரால ரெண்டு பக்கமும் ஒரே திசையில தேய்ச்சி, ஐசோபுரொபைல் அல்ககோல் தொட்ட துணியால துடைச்சிக் குத்தினதும் வந்திட்டு. மண்ணெண்ணெய், பெற்றோல் எல்லாம் பாவிக்கிறவங்க இருக்காங்க, வேண்டாம்.

கார்ட் தெரிஞ்சும் ட்ரஃபிக் கொஞ்ச நேரம் ஓடி நிக்குது, டிமெசேஜ்ல நெட்டெவ் வொச்டோக் எண்டோ "நோபடி கேர்ட்" எண்டோ வருது எண்டா அது பெரும்பாலும் ஐஆர்க்யூ சண்டை. புரொக் இன்டரப்ட்ஸ் ஃபைலப் பார்த்தா ஒரே நம்பர்ல யாரெல்லாம் இருக்காங்க எண்டு தெரியும். பிசிஐல ஐஆர்க்யூவப் பங்கு போடுறது குற்றமில்ல, அப்பிடித்தான் செஞ்சிருக்காங்க, ஆனா சில மதர்போர்ட்ல யூஎஸ்பியோட சேர்ந்து நிக்கிற ஸ்லொட்ல சில கார்ட் ஒத்துப்போகாது, ஸ்லொட் மாத்தினா சரி. பவர் போட்டதும் முதல்ல ஓடுற பயோஸ்ட செட்டிங்ல எரிஞ்ச மதர்போர்ட் லான டிஸேபிள் பண்ணவும் வேணும், அரைகுறையா உயிரோட இருந்தா அது வேற தொந்தரவு தரும். அதோட மதர்போர்ட்ல சில்லறைக் காசு மாதிரி வட்டமா இருக்கிற அந்த சிஆர்2032 பெட்டரிய முதல்ல மாத்துங்க, அது செத்திருந்தா ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் பயோஸ் பழைய நிலைக்குப் போகும், எரிஞ்ச லான் திரும்ப எழும்பும், திகதி பல வருஷம் பின்னால போய் எச்டிடிபிஎஸ் ஒண்டும் திறக்காது, ஆக்கள் லினக்ஸக் குறை சொல்லுவாங்க. பயோஸ்லயே கரண்ட் வந்ததும் தானா எழும்புற செட்டிங்கயும் போட்டு வையுங்க.

இனி ஐபி பக்கம். இதுல அரைவாசிப் பிரச்சினை ஒரே இடத்துலதான், ஃபைபர் ரவுட்டரும் 4ஜி ரவுட்டரும் ரெண்டுமே 192.168.1 எண்டு குடுத்தா லினக்ஸுக்கு எந்தக் கார்ட்டால போறது எண்டு விளங்காது. ஒண்ட 192.168.8 எண்டு மாத்திட்டு, உள்ளுக்கு 192.168.50 எண்டு மூண்டாவது ஒண்டு வெச்சன். இதே காரணத்துக்குத்தான் ரெண்டு கார்ட்ட ஒரே சுவிட்ச்ல குத்தினா ஸ்பீட் டபுள் ஆகும் எண்டு செய்யிறவங்களுக்கு வில்லங்கம் வாறது, ஒரு கார்ட்டுட ஐபி யார்ட்ட எண்டு நெட்வேர்க் கேக்கிற ஏஆர்பிக்கு மற்றக் கார்ட் பதில் சொல்லும், அதுக்கு ரெண்டையும் கட்டி ஒண்டாப் பாவிக்கிற போண்டிங் எண்டு வேற வழி இருக்கு, இந்தப் பெட்டிக்கு அது வேண்டாம்.

ஈடிசி நெட்வேர்க் இன்டர்ஃபேஸஸ் ஃபைல்ல வெளிக்கும் மாத்துக்கும் டிஎச்சிபி, வெளிக்கு மெட்ரிக் 100, மாத்துக்கு மெட்ரிக் 200, குறைஞ்ச நம்பர்தான் முதல்ல எடுபடும். உள்ளுக்கு ஸ்டெடிக் (மாறாத) ஐபி, அதுக்கு கேட்வே (வெளிய போற வழி) எழுதவே கூடாது. மறுகா ஒரு கார்ட்டால வாறத மற்றக் கார்ட்டால அனுப்புற ஐபி ஃபோர்வேர்டிங்க 1 ஆக்கி, என்எஃப்டேபிள்ஸ் எண்ட ஃபயர்வோல்ல வெளி, மாத்து ரெண்டால வெளிய போறதுக்கும் உள் ஐபிய மறைச்சி பெட்டிட ஐபியப் போடுற மாஸ்கரேட் ஒரு வரி, பிள்ளைகள்ட மெஷினுகளுக்கு டிஎச்சிபி குடுக்கிற டிஎன்எஸ்மாஸ்க்ல இன்டர்ஃபேஸ்=உள் மட்டும். அதுக்கு மேல விளக்கம் தேவையில்ல, எல்லா இடத்துலயும் எழுதிக் கிடக்கு.

எழுதாத விஷயம் என்னெண்டா மெட்ரிக் மட்டும் போட்டா லைன் தானா மாறும் எண்டு நினைக்கிறது பிழை. ஃபைபர் வயர் எங்கயோ மரம் விழுந்து அறுந்தாலும் கிளாஸுக்குள்ள இருக்கிற ஃபைபர் ரவுட்டர் லைட்டோட உயிரோடதான் இருக்கும், லினக்ஸுக்கு கேபிள் லிங்க் நல்லாத் தெரியும், அது அந்த வழியாவே அனுப்பிட்டு இருக்கும். அதுக்கு நிமிஷத்துக்கு ஒருக்கா ஓடுற ஒரு சின்ன ஸ்கிரிப்ட், வெளி கார்ட்டால மட்டும் போற மாதிரி பிங் ஹைஃபன் பெரிய ஐ போட்டு ரெண்டு மூண்டு வெளி ஐபியப் பார்க்கும், ஒண்டும் பதில் சொல்லாட்டி வெளி ரூட்டுட மெட்ரிக்க 300 ஆக்கும். ரூட்ட அழிக்கக் கூடாது, அழிச்சா ஃபைபர் திரும்பி வந்திட்டா எண்டு அதே கார்ட்டால பார்க்க வழியில்லாமப் போகும். பதில் வந்தா திரும்ப 100. மச்சான் இது ஓடுறத நம்பல்ல, நான் பார்த்துக்கொண்டிருக்கவே ஃபைபர் ரவுட்டர்ல இருந்து கண்ணாடி வயரப் பிடுங்கிட்டான், பிள்ளைகள் வீடியோ பார்த்துட்டு இருந்தவங்க, கொஞ்சம் சுத்தி நிண்டு மறுகா ஓடினது. "அப்ப இனி கிளாஸ நிப்பாட்டச் சாட்டு இல்ல" எண்டு ஒரு பிள்ளை சலிச்சுக்கிட்டுது.

பழைய கார்ட்டுக்கும் நேரா இன்னொரு பழைய பிசிக்கும் கேபிள் போடுறதெண்டா அனுப்புற வயரும் வாங்குற வயரும் மாறி இருக்கிற குரொஸ் கேபிள் வேணும், இந்த 10/100 கார்ட்டுகளுக்கு தானா மாத்துற புத்தி இல்ல. புது ரவுட்டர், சுவிட்ச் எண்டா அந்தப் பக்கமே சமாளிச்சுக்கும். ஸ்பீட், டூப்ளெக்ஸ் எதையும் கையால ஃபிக்ஸ் பண்ணாம ஓட்டோவுல விடுங்க, ஒரு பக்கம் மட்டும் ஃபிக்ஸ் பண்ணினா மற்றப் பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்துல ஒரு திசை மட்டும் போற நிலை) விழுந்து பிங் நல்லா வரும், டவுன்லோட் மட்டும் ஊர்ந்து ஊர்ந்து போகும்.

டெபியன் 13 இந்தக் கோர் 2 டுவோவுல ஓடுது, அது 64 பிட். உங்கட்ட கிடக்கிறது 32 பிட் மட்டும் உள்ள பென்டியம் 4 எண்டா 13க்கு இன்ஸ்டோலர் இல்ல, 12ஓட நிண்டுக்கோங்க.

இந்தக் கார்ட்டுகள் 100 மெகாபிட், கையில வாறது 94க்குக் கிட்ட. கிளாஸுக்கு இப்ப அது தாராளம். மச்சான் பெரிய பக்கேஜுக்குப் போனா பிசிஐ ஸ்லொட்ல கிகாபிட் கார்ட் குத்தி வேலையில்ல, மூண்டு ஸ்லொட்டும் செக்கனுக்கு 133 மெகாபைட் எண்ட ஒரே பஸ்ஸத்தான் பங்கு போடுது, ஒரு கிகாபிட் கார்ட் போகவும் வரவும் ஓடினாலே அது நிரம்பிடும். அதுக்கு கிராஃபிக்ஸ் கார்ட்டுக்கு விட்டிருக்கிற பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட்லதான் போடணும். போட்ட உடன பிசிஐ பஸ் நம்பர் தள்ளிப் போகலாம், 05 எண்டு இருந்தது 06 ஆகலாம், அப்ப லிங்க் ஃபைல் மூண்டுலயும் பாத் வரிய மாத்தி இனிட்ராம்எஃப்எஸ் அப்டேட்டயும் மறக்காம ஓட்டணும், அதுவரைக்கும் பெட்டிக்கு கீபோர்டும் மொனிட்டரும் பக்கத்துல இருக்கட்டும்.